லாபு பெட்டிக்கு வராத மாலை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, எனக்கு உத்தரவிடப்பட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, எங்கள் சங்கத் தலைவர் தர்மராஜ் பாரோயில் என் வீட்டு கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்: "நீலா, ஆண்டு மலருக்கு ஒரு கத வேணும். நம்ம கம்ப்யூட்டர் திட்டத்தப் பத்தி. வெற்றிக் கதையா இருக்கணும்லா. ஒரு பக்கத்துல முடிச்சிரு. எதிர்ப்பக்கம் என் போட்டோ வருது."

நான் நீலாவதி. பகலில் சிரம்பானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை; தினமும் என் காரில் போய்வருகிறேன். நெகிரி தோட்ட மக்கள் நல்வாழ்வுச் சங்கத்தின் இலக்கியப் பிரிவுக்கு நானே தலைவி, நானே செயலாளர், நானே உறுப்பினர். அதனால் என் பிரிவில் மட்டும் இதுவரை பிளவு ஏற்பட்டதில்லை.

மற்றபடி எங்கள் சங்கத்துக்கு நான்கு கிளைகள்: பாரோய், தம்பின், ரந்தாவ், லாபு. நான்கு கிளைக்கும் நான்கு தலைவர்கள்; லாபு கிளைத் தலைவர்கூடச் சிரம்பானில் இருந்துகொண்டே தலைமை தாங்குபவர். அவர்களுக்கு மேலே தர்மராஜ். உருப்படியாக இருப்பது ஒரு வேன். சிறுநீரகம் பழுதானவர்களைத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் சிரம்பானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டு, முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேன். அந்த வேன் மட்டும் இல்லையென்றால் இந்தச் சங்கத்தை நான் என்றைக்கோ தலைமுழுகியிருப்பேன்.

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"இருண்டு கிடந்த தோட்டப்புறத்தில் தொழில்நுட்பம் என்னும் விடிவெள்ளி முளைத்தபோது, அதன் கதிராக நின்றவர் நம் தலைவர்…"

(தர்மராஜுக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டியது.)

இரண்டாவது:

"அன்று கங்காணி பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்தார், இன்று கணினி…"

அடித்துவிட்டேன். மலேசியாவில் நாம் எழுதும் எந்தக் கதையிலும் மூன்றாவது பத்திக்குள் கங்காணி வந்து நின்றுவிடுகிறார். அவருக்கும் வயதாகிவிட்டது. கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.

மூன்றாவது:

"தனலெட்சுமி செத்துக்கொண்டிருந்தாள்."

இது நல்ல தொடக்கம். வாசகரின் கழுத்தைப் பிடிக்கும். நான் செய்த ஒரே முட்டாள்தனம், இதைத் தனலெட்சுமியிடமே போனில் படித்துக் காட்டியது.

2

"யாருடி செத்துக்கிட்டிருக்கா?" என்றாள் தனலெட்சுமி.

"கதைக்காக தனம்…"

"கதைக்காக உன் புருஷன சாகடி. நான் காலையில நண்டு பெரட்டித் தின்னேன்னு எழுது."

"நண்டெல்லாம் உனக்கு ஆவாதே."

"அப்ப நெத்திலின்னு எழுது. செத்துக்கிட்டிருக்கான்னு மட்டும் எழுதாத. எழுதுன, அடுத்த தடவ பாத்தா பேச மாட்டேன்."

இனி அவளை முறையாக அறிமுகப்படுத்துகிறேன். எனக்கும் தனத்துக்கும் ஒரே வயது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். நான் பாரோய்க்குப் போனேன். அவள் லாபுவில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டாள். மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை, சிறுநீரகம் இரண்டும் கைவிடும் வரைக்கும். கணவர் இல்லை. மகன் ஜோகூரில். லயத்தில் இப்போது அவளுக்கு அக்கம்பக்கம் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும்தான். லயத்துக்கு எதிரே மாரியம்மன் கோயில். அதைக் கூட்டிப் பெருக்குவது இவள்.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் வேன் வந்தாக வேண்டும். வராவிட்டால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை எழுதக் கூடாது என்று எனக்குத் தடை இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வேன் தம்பினில் கிளம்பி, ரந்தாவ், பாரோய் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்கு வரும். லாபு சிரம்பானுக்கும் அந்தப் பக்கம். அதாவது, டயாலிசிஸ் மையத்தின் வாசலைக் கடந்துபோய்த்தான் தனத்தை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். யாருக்குமே கடைசியில் கை சோர்ந்துபோகிற இடத்தில் அவள் வீடு இருக்கிறது.

3

முன்பெல்லாம் வேன் ஏற்பாடு வாட்ஸ்அப் குழுவில் நடந்தது. குழுவில் நோயாளிகளைவிடத் தலைவர்கள் அதிகம். விடிந்தால் ரோஜாப்பூ படம், பிள்ளையார் படம், "இனிய காலை வணக்கம்", யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், அவருக்கு எண்பது வாழ்த்து. இதற்கு அடியில் எங்கோ, "வேன் இன்னிக்கு வருமா?" என்று தனம் கேட்டிருப்பாள். அதற்கும் யாரோ கைகூப்பும் படம் போட்டிருப்பார்கள்.

வேன் ஓட்டும் உசைர் தம்பின்காரர். ஒருநாள் குழுவைப் பார்த்து நொந்துபோய், தன் புத்திக்குத் தோன்றிய வழியில் வேனை ஓட்டிவிட்டார். முதலில் லாபு, பிறகு தம்பின் கிளைத் தலைவர் குணாளனின் மாமியார். மாமியார் காத்திருக்க நேர்ந்தது. செயற்குழு உசைரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. அன்றோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: "சொன்னா போவேன். சொல்லலன்னா போவ மாட்டேன். எனக்கு எதுக்கு லா தலவலி?"

அப்போதுதான் ரோகினி வந்தாள். பாரோயில் என் பின்தெரு. நீலாய் என்ற ஊரில் பெரிய கணினிக் கூடம் ஒன்றில் வேலை. அவள் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய நான்கு சின்னக் கணினிகளை வாங்கி வந்து, கிளைக்கு ஒன்றாக வைப்போம் என்றாள். நோயாளி தன் போனில் "வர்றேன்" என்று அமுக்கினால் போதும். கணினி வழியைப் போட்டு உசைரின் போனுக்கு அனுப்பிவிடும்.

"இதுக்கு எதுக்கும்மா நாலு? ஒண்ணு பத்தாதா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுல வச்சா அது படுத்துட்டா எல்லாமே படுத்துரும் ஆண்ட்டி. தோட்டத்துப் பக்கம் இடி இடிச்சாலே கரண்டு போயிரும்ல? நாலையும் ஒண்ணா சேர்த்துட்டா, ஒண்ணு போனா இன்னொண்ணு வேலைய எடுத்துக்கும்."

(இங்கே ஒரு விளக்கம். அவசரமுள்ளவர்கள் தாண்டிப் போகலாம். தலைவர் தாண்டித்தான் போவார். செய்ய வேண்டிய வேலைகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் போட்டு மூடி, எந்தக் கொள்கலன் எந்தக் கணினியில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் எங்கே தூக்கி வைக்க வேண்டும் என்று ஓயாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. குபர்நெட்டீஸ் என்று பெயர். பெரிய வங்கிகள் வைத்துக்கொள்வதாம். எங்களிடம் ஒரு வேனும் ஒரு டஜன்கூடத் தேறாத நோயாளிகளும் இருந்தார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற காரியம்தான். ஆனால் அந்த எலி தனத்தின் உயிர் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.)

ரோகினியின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. நான்கு ஊருக்கும் போய் நான்கு கணினியையும் தனித்தனியாக அவள் தயார்செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டளைக் கோப்பாக எழுதினாள். பாரோயில் தன் வீட்டு மேசையிலிருந்து ஒரு தட்டு. நான்கு ஊரிலும் நான்கு பெட்டிகள் தம்மைத் தாமே கழுவித் துடைத்து, ஒரே மாதிரி உடுத்தி, ஒன்றுக்கொன்று பெயர் சொல்லி வரிசையில் நின்றன. எத்தனை தடவை அந்தக் கோப்பை ஓட்டினாலும் சரியாக இருப்பதை அது தொடாது. கோணலாக இருப்பதை மட்டும் நிமிர்த்திவிட்டுப் போகும்.

(எங்கள் செயற்குழு இதற்கு நேர்மாறு. எத்தனை தடவை கூடினாலும் கோணலைத் தொடாது.)

4

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஏனென்றால் இங்கேதான் தனம் என் கையை விட்டுப் போகிறாள்.

ரோகினி போட்ட திட்டம் இப்படி: மூன்று பெட்டிகள் தலைமை, ஒன்று தொழிலாளி. தலைமைப் பெட்டிகள் எதையும் பெரும்பான்மையோடுதான் முடிவு செய்யும். மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால் வேலை நடக்கும். லாபுவில் இணைய இணைப்பு சுமார் என்பதால், லாபு பெட்டி தொழிலாளி.

தம்பினில் நடந்த கூட்டத்தில் இதை அவள் திரையில் படம் போட்டுக் காட்டினாள். மூன்று வட்டம் மேலே, ஒரு வட்டம் கீழே. கீழ்வட்டத்தில் "லாபு" என்று எழுதியிருந்தது. கூட்டம் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தனம் எழுந்து நின்றாள்.

"எங்கம்மா ஒர்க்கரு. நான் ஒர்க்கரு. இப்ப கோயில் ஸ்டோர்ல வச்சிருக்கற பொட்டியும் ஒர்க்கரா? பாரோய்க்காரங்க பொட்டி தலவரு, தம்பின் பொட்டி தலவரு, எங்க பொட்டி மட்டும் கீழ கெடக்கணுமா? இன்னும் எத்தன தலமொறைக்கு லா?"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"ஆண்ட்டி, அது பேருதான். உண்மையில ஒர்க்கர்தான் நெறைய வேல செய்யும்" என்றாள் ரோகினி, பாவம்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்றாள் தனம்.

குணாளன் துள்ளி எழுந்தார். தர்மராஜுக்கு எதிராக எழ ஒரு காரணம் கிடைத்தால் அவர் விடமாட்டார். "லாபு சகோதரி சொல்றது நியாயம். நாலு பொட்டியும் தலவரா இருக்கட்டும். எல்லாரும் சமம்!"

"நாலு வைக்கக் கூடாது அங்கிள்" என்றாள் ரோகினி. "நாலு தலைவர் இருந்தா மூணு பேர் ஒத்துக்கணும். ரெண்டு பொட்டி போயிருச்சின்னா, மிச்சம் இருக்கற ரெண்டும் பாதிதான். பாதி பெரும்பான்மை ஆவாது. ஒண்ணும் செய்யாம அப்படியே நின்னுரும்."

தர்மராஜ் பெரிய மனதோடு சிரித்தார். "நம்ம சங்கத்துல யாரும்மா வெளிய போவப் போறா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இரண்டு வருடத்துக்கு முன்புதான் குணாளன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளிநடப்புச் செய்திருந்தார். நாற்காலி இன்னும் திரும்பி வரவில்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சங்க வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றே. ரோகினி உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பில் ஒரு வரியை மாற்றினாள். ஒரு தட்டு. நாங்கள் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் நான்கு பெட்டிகளும் தலைவர்களாகிவிட்டன.

வேலை செய்ததா என்றால், செய்தது. அதை மறைத்தால் ரோகினிக்குத் துரோகம். காலையில் தனம் போனை அமுக்குவாள். உசைரின் போன் சிணுங்கும். வேன் மையத்தின் வாசலைக் கடந்து லாபுவுக்குள் போகும். பல வாரங்கள் தவறாமல் போயிற்று. ஒருநாள் தனம் எனக்குக் குரல்பதிவு அனுப்பினாள்: "நீலா, எங்க பொட்டி சொல்லித்தான் வேன் வருது தெரியுமா?"

5

கதையை இங்கேயே முடித்திருந்தால் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கும், எதிர்ப்பக்கத்தில் போட்டோ. ஆனால் நாம் எதையும் திறப்பு விழா இல்லாமல் விடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் திறந்துவைப்பது எப்படி என்று ரோகினி கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அழைப்பிதழ் அடிக்கப் போய்விட்டார்கள்.

விழா போன ஞாயிறு, பாரோயில். நான்கு பெட்டிகளுக்கும் மாலை போடுவது என்று ஏற்பாடு. (கணினிக்கு மாலையா என்று கேட்பவர், தன் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்காதவராக இருந்தால் மட்டும் கேட்கட்டும்.) காலையிலேயே உசைர் மாலைகளோடு கிளம்பி, கிளைக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே வர வேண்டும். தம்பின் பெட்டிக்கு மாலை விழுந்தது. ரந்தாவ் பெட்டிக்கு விழுந்தது. பாரோய்க்கு வந்தபோது கையில் இரண்டு மாலை. அந்த நேரம் பார்த்து, அழைக்காமலே, அரசப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ வந்து இறங்கினார். டத்தோவை வெறுங்கழுத்தோடு மேடையில் உட்கார வைக்க முடியுமா? லாபு பெட்டிக்குப் போக வேண்டிய மாலை டத்தோவின் கழுத்தில் விழுந்தது.

லாபு கோயிலில் தனமும் இன்னும் சிலரும் பெட்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். விழா போனில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மாலை டத்தோவின் கழுத்தில் ஏறியதை அவர்கள் நேரலையிலேயே பார்த்தார்கள்.

அதே விழாவில் குத்துவிளக்கை ஐந்து முகமும் தர்மராஜே ஏற்றிவிட்டார் என்று குணாளன் வெளிநடப்புச் செய்தார். நேரே தம்பினுக்குப் போய்த் தம்பின் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார். லாபு பெட்டியும் அன்று பகலே அணைந்தது.

நான்கில் இரண்டு போயிற்று. மிச்சம் இரண்டு. ரோகினி சொன்னது சொன்னபடி நடந்தது: அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

6

செவ்வாய்க்கிழமை உசைரின் போன் சிணுங்கவில்லை. தம்பின், ரந்தாவ், பாரோய் நோயாளிகளை மகனோ மருமகளோ காரில் கொண்டுவந்து விட்டார்கள். லாபுவிலிருந்து யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து லயத்து வங்காளதேசத்துப் பையன் தனத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். தாமதம். அடுத்த ஆளுக்குப் படுக்கை வேண்டும் என்று பாதியிலேயே நிறுத்தி எழுப்பினார்கள். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுகிறவள் அதே மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

இதைக் கேட்டதும் நான் ரோகினியின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ரெண்டே வழிதான் ஆண்ட்டி" என்றாள். கண் சிவந்திருந்தது. "ஒண்ணு, நான் கோப்ப மாத்தி ஒரு தட்டு தட்டினா பாரோய் ஒண்ணே தலைவர், மத்ததெல்லாம் ஒர்க்கர். ஒடனே ஓடும். ஆனா குணாளன் அங்கிள் போன் பண்ணிட்டாரு. அப்படிச் செஞ்சா வேன் சாவி தம்பின விட்டு வராதாம். வேன் அவங்க கிளை பேர்லதான இருக்கு?"

"இன்னொரு வழி?"

"போன ரெண்டு பொட்டியில ஏதாச்சும் ஒண்ணு திரும்ப வந்தா போதும். மூணு ஆயிரும். நான் ஒண்ணும் செய்யத் தேவையில்ல. ப்ளக்க சொருகினா அதுவே எழுந்து, அதுவே சேர்ந்துக்கும்."

தம்பின் வராது. அப்படியானால் லாபு. கோயில் ஸ்டோர் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று நான் நான்கு பேருக்குப் போன் போட்டு விசாரித்தேன். நான்காவது ஆள் சிரித்தார். "கோயில கூட்டுறவங்ககிட்டதான இருக்கும்? ஒங்க சினேகிதிகிட்ட கேளுங்க."

இதுவரை நான் ஒரு பரிதாபக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். தலைவர்கள் சண்டை, இடையில் ஓர் அப்பாவி. எழுதியதில் பாதிக்கு மேல் "அந்த அப்பாவி ஜீவன்" என்று… வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்கவே வெட்கமாக இருக்கிறது. பெட்டியை அணைத்தது தனம்.

7

இன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் லாபுவுக்குப் போனேன். வழியில் சிரம்பானில் ஒரு பூக்கடையில் மாலை வாங்கினேன். ரோஜாவும் செவ்வந்தியும் கட்டிய பெரிய மாலை. டத்தோ போட்டதைவிடக் கனம்.

அதற்கு முன் தர்மராஜுக்குப் போன் செய்ததையும் சொல்லிவிட வேண்டும்.

"ஒரு மாலதான தலைவரே? நீங்க வந்து போட்டீங்கன்னா முடிஞ்சிரும்."

"மாலைக்கு இல்ல நீலா. இதுல ஒரு கொள்கை இருக்கு. இன்னிக்கு லாபுக்குப் பணிஞ்சா நாளைக்கி தம்பின் வந்து நிக்கும். அப்புறம் சங்கம் என்னாவறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "கத எந்த அளவுல இருக்கு?" என்றார்.

தனம் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். கால்களை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். இரண்டு காலும் வீங்கி, கொலுசு போட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"சாவி குடு தனம்."

"குடுக்க மாட்டேன்."

"சரி, நாளைக்கி நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். லீவு போட்டுட்டேன்."

"நாளைக்கி நீ வருவ. செவ்வாக்கெழம? அடுத்த மாசம்?" மூச்சு வாங்கினாள். "நான் உன் கார்ல ஏறிட்டா அப்புறம் இந்த வேனப் பத்தி எவன்டி பேசுவான்? லாபுக்கு வேன் வேணாமாம், ஆள் இருக்காம்னு வழிய சுருக்கிப்புடுவானுங்க."

(உன்னிடம்தான் கார் இருக்கிறதே என்று முதல் பக்கத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்த வாசகருக்கு இதுதான் பதில். என்னிடம் வேறு பதில் இல்லை.)

"உயிர விட ரோஷம் பெருசாடி?"

"ரோஷம்னு யாரு சொன்னா? எங்க பொட்டியத் தலவரா ஆக்குனாங்கல்ல, ஏகமனதா? அப்ப அதுக்கு உண்டான மரியாதைய செய்யணும். செய்யலன்னா அது தலவரு இல்ல. தலவரு இல்லாதது எதுக்கு லா ஓடணும்?"

நான் காருக்குப் போய் மாலையை எடுத்து வந்தேன். அவள் முகம் ஒரு கணம் மாறியது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"யாரு குடுத்து விட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாள் முழுதும் பொய் புனைகிற ஆளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் வரவில்லை.

"நான்தான் வாங்குனேன்."

"நீ தலவரா?"

"இல்ல."

"அப்ப இது பூ" என்றாள் தனம். கோபமாகச் சொல்லவில்லை. மாலையைப் பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு அவளே சொன்னாள்: "எனக்கு தர்மராஜ்தான் வரணும்னு இல்ல நீலா. எந்தத் தலவரா இருந்தா என்னா? எவனாச்சும் ஒரு தலவரு, அந்த டயாலிசிஸ் வாசலத் தாண்டி இந்தப் பக்கம் வந்து போடட்டும். இத்தன வருசத்துல ஒருத்தன் வந்திருக்கானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். வந்ததில்லை.

8

முடிவுகள். என்னிடம் நான்கு இருக்கின்றன.

பாரோய் முடிவு: தர்மராஜ் மனம் மாறி, காரைவிட்டு இறங்கி, லாபு பெட்டிக்கு மாலையிடுகிறார். மலரில் போட்டுவிடலாம். அவருக்கே நம்பிக்கை வராது.

தம்பின் முடிவு: குணாளன் வேனைத் தனியாக ஓட்டுகிறார், புதுச் சங்கம் பிறக்கிறது, அதற்கும் நான்கு கிளைகள். இது நடக்கக்கூடியது, அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

ரந்தாவ் முடிவு: ரந்தாவில் யாரும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. முடிவையும் சொல்லவில்லை.

லாபு முடிவு: விடியற்காலையில் மூச்சு முட்டி, தனம் எழுந்துபோய் ஸ்டோரைத் திறந்து ப்ளக்கைச் சொருகுகிறாள். பெட்டி விழித்துக்கொள்கிறது, மூன்றாவது வாக்கு விழுகிறது, உசைரின் போன் சிணுங்குகிறது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு வேண்டியது இந்த முடிவுதான். அவள் பிழைத்துவிடுவாள். ஆனால் அவளைப் பணிய வைத்துப் பிழைக்க வைக்கிற வேலையை எல்லாரும் செய்துவிட்டார்கள்; கதையிலும் நானே செய்ய வேண்டுமா? ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதை எழுதினால் அவள் பேச மாட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்ன அர்த்தத்தில் மட்டும் அல்ல, வேறு அர்த்தத்திலும் பேச மாட்டாள்.

ஆக, நான்கு முடிவுகள், எதற்கும் பெரும்பான்மை இல்லை. கதை அப்படியே நின்றுவிட்டது. நான்கு வைக்கக் கூடாது என்று ரோகினி சொன்னாள்.

9

அதனால் இப்போது உங்களிடம் பேசுகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கிற நாள் எதுவாகவும் இருக்கலாம். கதையில் நாளைக்குத்தான் சனிக்கிழமை. மாலையைக் கோயில் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைப் பகல் வரைக்கும் வாடாது.

நீங்கள் தமிழர். அப்படியானால் ஏதாவது ஒன்றுக்குத் தலைவராகத்தான் இருப்பீர்கள். கோயிலுக்கு, குடியிருப்புக்கு, காற்பந்துக் குழுவுக்கு, பெற்றோர் சங்கத்துக்கு. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்காவது. அது போதும். நான் எடுத்துப் போட்டால் அது பூ. நீங்கள் எடுத்துப் போட்டால் மாலை.

வழி சுலபம். சிரம்பானில் டயாலிசிஸ் மையம் வரும். எல்லாரும் திரும்புகிற இடம் அதுதான், நீங்கள் திரும்பாமல் நேரே வாருங்கள். லாபு சாலையில் செம்பனைக்குள் நுழைகிற மண்பாதை. கடைசியில் கோயில். படியில் ஒருத்தி சாவியோடு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள்; திட்டுவாள்.

தம்பினில் உசைர் வேனில் ஏறி, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காலையிலேயே வந்துவிடுங்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது.